வெம்மையுறும் வையமும் மூவகை அளவையும்

2025ஆம் ஆண்டு யூலை மாதக் கடைசியில், ஒரு வார காலத்துள், இருவேறு பேரிடங்களிலிருந்து ஒன்றற்கொன்று மாறான இரு குரல்கள் எழுந்தன. அம்மாதம் 23ஆம் திகதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்று, காலநிலையைக் காத்தல் அரசுகளுக்குச் சட்டத்தால் அமைந்த கடமை என்றும், அக்கடமையினின்றும் வழுவும் அரசு அதற்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்றும், நீதியரசர் அனைவரும் ஒருமித்துத் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. ஆறு நாள் கழித்து, 29ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம், காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்கள் மக்கள் நலத்துக்கு ஊறு விளைப்பன என்று தானே 2009ஆம் ஆண்டிற் செய்த துணிபைக் கைவிடுவதாக முன்மொழிந்தது.

இச்செய்திகள் பத்திரிகைகளில் அடிபட்ட காலத்திலே பால பண்டித வகுப்பில் அளவையியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, நீதிமன்று ஒன்று சொல்லுகிறது, அமெரிக்கா வேறொன்று சொல்லுகிறது. நாங்கள் யாரை நம்புவது?" என்று வினவினான். நல்ல வினாவே. ஆயினும் அளவைநூல் கற்பவன் முதலிற் கேட்கவேண்டியது 'யாரை நம்புவது' என்பதன்று. 'அவர் எவ்வாறு அறிந்தனர்' என்பதே. அவனுக்கு அன்று சொல்லியதைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

யான் விஞ்ஞானி அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனினும், ஒன்றை உண்மையென்று கொள்ளுதற்கு வழி யாது என்னும் ஆராய்ச்சி எம் முன்னோர்க்குப் புதியதன்று. காட்சி, கருதல், உரை என மூன்றாக அதனை அவர் வகுத்தனர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். ஐயமும் விருப்பு வெறுப்பும் நீங்கியார் வாய்மொழி கொண்டு அறிவது உரை. சிவஞான சித்தியார் பொருளைக் கூறப் புகுமுன் அளவையைக் கூறுதற்குக் காரணம் இதுவே: அளக்கும் கோல் இன்னதென்று துணியாதவன் அளந்தேன் என்றல் பொருந்தாது. நெல்லை அளப்பதும் அளவை. உண்மையை அறிவதும் அளவை. தமிழ் இவ்விரண்டுக்கும் ஒரு சொல்லையே வைத்தது. இக்காலத்து வெப்பநிலை ஆராய்ச்சியை நோக்குங்கால் அச்சொல்லின் பொருத்தம் நன்கு விளங்கும்.

காட்சி

முதலிற் காட்சியை எடுத்துக்கொள்வோம். வையம் வெம்மையுறுகின்றது என்பதை ஒருவர் தம் மேனியால் உணர்ந்து சொல்லின் அது காட்சி ஆகாது; ஐயக்காட்சி அல்லது திரிவுக்காட்சியே ஆகும். சென்ற ஆண்டு வெயில் கொடிது, இவ்வாண்டு மென்மையது என்று ஊருக்கூர் சொல்லிக்கொள்வது வானிலை. பன்னெடுங் காலத்துச் சராசரியே காலநிலை. அதனை வெப்பமானியும் ஏடும் கொண்டே காணல் கூடும்.

இவ்வாறு காண முயன்றோருள் முதல் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்தின் கை கலண்டர் என்பவர். அவர் நீராவிப் பொறியியலாளர், காலநிலையியலாளர் அல்லர். ஓய்ந்த வேளைகளிலே உலகின் 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் தொகுத்து, முந்திய அரை நூற்றாண்டில் வையம் சிறிது வெப்பமுற்றுள்ளது என்றும், எரிபொருளால் மிகும் காபனீரொட்சைட்டு அதற்கு ஏதுவாகும் என்றும் 1938ஆம் ஆண்டில் வெளியிட்டார். துறைபோகிய அறிஞர் பலர் அதனை ஏற்றாரல்லர். அவர்கள் ஐயுற்றது குற்றமுமன்று. காற்றிற் கலந்த அவ்வாயுவின் அளவையே அக்காலத்தில் எவரும் திட்பமாக அறிந்திலர்.

அக்குறையைத் தீர்த்தவர் சார்ள்சு டேவிட் கீலிங். பசுபிக் மாகடலின் நடுவே, ஹவாய்த் தீவில், மௌனா லோவா என்னும் எரிமலையின் சாரலில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீற்றர் மேலே, ஆலைப்புகையும் காட்டுக்காற்றும் எட்டாத இடத்திலே 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய கருவி அளக்கத் தொடங்கிற்று. காற்றின் பத்து இலட்சம் பங்கில் 313 பங்கு காபனீரொட்சைட்டு என்பது முதல் அளவு. ஈராண்டு செல்லுமுன் இரு செய்திகள் தெளிந்தன. வடகோளத்து மரங்கள் தழைக்கும் கோடையில் அவ்வளவு இறங்குகின்றது, இலையுதிர்ந்து மட்கும் காலத்தில் ஏறுகின்றது, இஃது ஒன்று. ஏறி இறங்கினும், ஆண்டு முடிவில் முன்னைய ஆண்டினும் சிறிது உயர்ந்தே நிற்கின்றது, இது மற்றையது. 1959ஆம் ஆண்டின் சராசரி 316 பங்கு. 2024ஆம் ஆண்டின் சராசரி 424 பங்குக்கு மேல். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அது 430ஐயும் கடந்தது.

அதற்கு முந்திய காலத்தை எவ்வாறு அறிவது? அந்தாட்டிக்காவின் பனிப்பாறை அதற்குச் சான்று பகர்கின்றது. ஆண்டுதோறும் விழும் பனி ஒன்றன்மேலொன்றாய் அழுந்தும்போது அக்காலத்துக் காற்றும் சிறு குமிழிகளாய் அதனுட் சிறைப்படுகின்றது. அப்பனியைத் துளைத்தெடுத்து, எட்டு இலட்சம் ஆண்டுகளின் காற்றை அறிஞர் அளந்துள்ளனர். அந்நெடுங் காலமெல்லாம் அவ்வளவு ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே நின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் இருந்தது 280 அளவினது. இன்றைய அளவை அப்பனி ஏட்டின் எப்பக்கத்திலும் காண்டற்கில்லை.

காட்சிக்குத் திரிவு நேர்தல் உண்டு. வெப்பமானி வைத்த இடத்தைச் சுற்றி நகரம் வளரின், கல்லும் தாருமே அதற்கு வெப்பம் ஊட்டும் என்று சிலர் தடை கூறினர். தக்க தடையே. அமெரிக்கப் பௌதிகவியலாளர் றிச்சாட் முல்லர் என்பவரும் முன்னைய கணிப்புக்களை ஐயுற்றவர். அவர் தனியே ஒரு குழுவைக் கூட்டி, பதிவுகளையெல்லாம் முதலிலிருந்து மீள ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவியோருள் எரிபொருள் வணிகத்தாற் செல்வமுற்ற குடும்பத்தின் அறநிதியமும் ஒன்று. முடிவு யாதாயிற்று? வெம்மை உண்மையே என்றும், நகர வளர்ச்சி அம்முடிவை மாற்றவில்லை என்றும், அதற்குக் காரணம் மனிதன் செயலே என்றும் 2012ஆம் ஆண்டில் அவரே உரைத்தார். மறுதலைக் கட்சியினர் தம் கையால் அளந்து கண்டதும் அதுவே ஆயின், அக்காட்சியைத் திரிவுக்காட்சி என்றல் இனி இயலாது.

கருதல்

வாயு மிகுந்தது; வெம்மையும் மிகுந்தது. இரண்டும் ஒருங்கு நிகழ்ந்தமை கொண்டே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணியலாமோ? ஆகாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததென்று, காகமே வீழ்த்திற்று எனல் பேதைமை. ஆதலின் கருதலளவைக்கு உடனிகழ்ச்சி ஒன்றே போதாது. இயைபு காட்டல் வேண்டும். இம்மலை நெருப்புடைத்து, புகையுடைமையின், அடுக்களை போல என்று தருக்கம் கற்பார் யாவரும் முதலிற் பயில்வர். அடுக்களையிலே புகைக்கும் நெருப்புக்கும் உள்ள இயைபை நேரே கண்டமையாலன்றோ மலைக்கண் அதனைக் கருதுகின்றோம்? வையத்தின் வெம்மைக்கு அவ்வடுக்களை யாது?

அது பரிசோதனைச்சாலை. 1824ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பூரியே, ஞாயிற்றின் ஒளியை எளிதில் உட்செல்லவிடும் வளிமண்டலம், நிலம் திருப்பி வீசும் வெப்பத்தை அவ்வாறு எளிதில் வெளியே விடுவதில்லை என்று கருதினார். 1856ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்மணி யூனிசு பூட், கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெப்பமானியுடன் வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு அடைத்த உருளையே மிகுதியாய்ச் சுட்டது. வெயிலினின்றும் எடுத்த பின்னர் அது ஆறவும் நெடுநேரம் சென்றது. அத்தகைய வாயு மிக்க வளிமண்டலம் நம் வையத்தை வெப்பமாக்கும் என்று அவர் அன்றே எழுதிவைத்தார். அறிஞர் மன்றத்தில் அவ்வாராய்ச்சியை வாசித்தவர் ஆடவர் ஒருவர். எழுதிய அம்மையாரின் பெயரோ நூறாண்டுக்கு மேல் மறந்து கிடந்தது.

மூன்றாண்டின் பின், 1859இல், இலண்டனிலே யோன் தின்டல் என்பவர் நீண்ட பித்தளைக் குழாயின் இரு முனையையும் இந்துப்புத் தகட்டால் அடைத்து, அதனுட் பல வாயுக்களைச் செலுத்தி, வெப்பக் கதிர் அவற்றை ஊடுருவுமாற்றை அளந்தார். காற்றிற் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் அக்கதிரைத் தடுக்கவில்லை. சிறுபகுதியான நீராவியும் காபனீரொட்சைட்டும் அதனைப் பற்றிக்கொண்டன. காற்றிலே இத்துணைச் சிறிய பங்கு இத்துணைப் பெரிய வினை செய்யுமோ என்பார்க்கு விடை அக்குழாயினுள்ளே உளது. ஒரு குடம் பாலைத் திரைக்க எத்துணை மோர் வேண்டும் என்பதை இல்லத்தரசியர் அறிவர்.

இனி, அளவைநூலார் வேண்டும் உடம்பாட்டு எடுத்துக்காட்டும் எதிர்மறை எடுத்துக்காட்டும் வானத்திலேயே உள்ளன. வெள்ளி என்னும் கோளின் வளிமண்டலம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டால் ஆயது. ஞாயிற்றுக்கு மிக அணித்தான புதனினும் அது வெப்பம் மிக்கது. அதன் நிலம் 460 பாகை செல்சியசு அளவிற் கொதிக்கின்றது. சந்திரனோ ஞாயிற்றினின்றும் நம் வையம் நிற்கும் தூரத்திலேயே நிற்பது. ஆயினும் போர்வையாகும் வளி அதற்கின்மையால் அதன் இரவு கொடுங்குளிராகின்றது. நம் வளிமண்டலத்தில் வெப்பத்தைப் பற்றும் இவ்வாயுக்கள் அறவே இல்லாதிருப்பின் வையத்தின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையாகும் என்பர். இன்று அது 15 பாகை அளவினது. ஆகவே இப்போர்வை இயல்பாகப் பகையன்று. அதனாலேயே உயிர்கள் வாழ்கின்றன. போர்வையின் தடிப்பு மிகுதலே இப்போதைய இடர்.

எத்துணை மிகின் எத்துணை வெப்பம் என்பதை முதன்முதற் கணக்கிட்டவர் சுவீடன் நாட்டு ஆரீனியசு. அவ்வாயு இரு மடங்காயின் வெப்பநிலை ஐந்து அல்லது ஆறு பாகை உயரும் என்று 1896ஆம் ஆண்டில், கைக்கணக்காகவே, அவர் கண்டார். இன்றைய ஆராய்ச்சி அதனை மூன்று பாகை அளவினதாகக் கொள்கின்றது. இரண்டரைக்கும் நான்குக்கும் இடையில் அமைதல் கூடும் என்பது அதன் எல்லை. குளிர் நாட்டவராகிய ஆரீனியசு, வெம்மை மிகுதல் பிற்காலத்தவர்க்கு நன்மையாம் என்றே எண்ணினார். அச்சமூட்டும் பொருட்டு இக்கருத்துக் கட்டப்பட்டது என்பார் இதனை நினைத்தல் நன்று.

அடுத்த வினா: மிகுந்த அவ்வாயு மனிதன் எரித்த எரிபொருளிலிருந்தே வந்ததா? எரிமலை கக்கியதாகலாம், கடல் உமிழ்ந்ததாகலாம் அன்றோ? இங்கேதான் புகை கண்டு நெருப்பை அறிதல் உவமையாக அன்றி உண்மையாகவே நிகழ்கின்றது. புகையை ஆராய்ந்து, எரிந்த விறகு யாதென்று அறிஞர் கண்டனர். காபனில் எடை வேறுபட்ட வகைகள் உள்ளன. அவற்றைச் சமதானி என்பர். அவற்றுள் 14 என்னும் எண்ணுடைய வகை 5,730 ஆண்டுகளிற் பாதியாய்த் தேய்வது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுட் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது எஞ்சியிராது. அத்தகைய பழங்காபன் காற்றிற் கலந்து வருதலை மரத்தின் வளையங்களிலே ஹான்சு சூசு என்பவர் 1955ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். 13 என்னும் எண்ணுடைய வகை தாவர வழி வந்த எரிபொருளிற் குறைவு. காற்றிலும் அதன் வீதம் குறைந்து வருகின்றது. எரிமலையே காரணமாயின் அவ்வாறு குறையாது. எரிமலைகளெல்லாம் ஓராண்டில் உமிழ்வது மனிதன் உமிழ்வதில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. எரிதலுக்கு ஒட்சிசன் வேண்டும். காற்றில் ஒட்சிசனும் அதற்கேற்பச் சிறிது சிறிதாய்க் குறைந்து வருதலைக் கீலிங்கின் மைந்தர் றால்வு அளந்து காட்டினார். கடலிலும் காபன் கூடியே வருகின்றதாகலின், கடல் கொடுத்தது என்றலும் அமையாது, அது பெறுகின்றது.

ஞாயிறே மிகக் காய்கின்றது எனின்? அவ்வாறாயின் வளிமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே வெப்பமுறல் வேண்டும். போர்வையே காரணமாயின், போர்வைக்கு உட்புறம் வெப்பமும், மேற்புறம் குளிரும் உண்டாகும். 1967ஆம் ஆண்டில் யப்பானிற் பிறந்த மனாபே என்பார், வெதரால்ட் என்பவருடன் கூடிச் செய்த கணிப்பு இதனை முன்கூட்டியே உரைத்தது. பின்னர் எழுந்த செய்மதிகள் அவ்வாறே அளந்தன: நிலத்தை அடுத்த படை வெப்பமுறுகின்றது, அதற்கு மேலுள்ள படைமண்டலம் குளிர்கின்றது. நிகழுமுன் சொல்லி, நிகழ்ந்தபின் சரிபார்க்கப்பட்ட கருதல் இது. மனாபே 2021ஆம் ஆண்டிற் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

"மனிதன் தோன்றுமுன்னும் வையம் வெப்பமுற்றதுண்டே, அன்று ஆலை ஏது, மோட்டார் வண்டி ஏது?" என்பது யாவரும் கேட்கும் தடை. இதற்கு விடை எம்முடைய காட்டிலேயே உளது. மூங்கில் ஒன்றோடொன்று உரசிக் காடு பற்றுதல் உண்டு. அதனால், தீப்பந்தத்துடன் நிற்பவன் கையகப்பட்ட போதும், 'காடு தானே பற்றும். இவன் குற்றமிலன்' என்று விடுவோமா? முன்னைய வெம்மைக்கு வையத்தின் செலவுநெறி சிறிது மாறியமை முதலாய பிற ஏதுக்கள் இருந்தன. அவை இக்காலத்திற் செயற்படுமாற்றையும் அளந்து பார்த்து, போதாமை கண்ட பின்னரே அறிஞர் மனிதன்மேற் பழி வைத்தனர்.

உரை

ஒவ்வொருவரும் மௌனா லோவா ஏறி அளத்தலும், அந்தாட்டிக்காவிலே பனி துளைத்தலும் இயலா. ஆதலின் நம்மனோர்க்கு உரையளவை இன்றியமையாதது. அவ்வுரை யாருடையது, எத்தகையது என்று ஆராய்ந்து கொள்வதே நம் பொறுப்பு.

உலக வானிலையியல் நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் 1988ஆம் ஆண்டிற் கூட்டிய காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, தானே புதிய பரிசோதனை செய்வதன்று. வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடுவது. எம் நாட்டு அறிஞர் மொகான் முனசிங்க அதன் உபதலைவருள் ஒருவராய் இருந்தமையை வாசகர் அறிவர். 2021ஆம் ஆண்டில் வந்த அதன் ஆறாம் மதிப்பீட்டின் முதற்பகுதியை 234 ஆசிரியர் எழுதினர். 14,000க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகள் அதில் எடுத்தாளப்பட்டன.

இவ்வுரையை யான் மதித்தற்குக் காரணம் எண்ணிக்கை அன்று; சொல்லடக்கமே. 1995ஆம் ஆண்டில், மனிதன் தாக்கம் தென்படுகின்றது என்ற அளவிலேயே அக்குழு நின்றது. 2001இல், வெம்மையிற் பெரும்பகுதி மனிதனால் ஆதற்கு நூற்றுக்கு 66க்கு மேற்பட்ட வாய்ப்பு உளது என்றது. 2007இல் 90 என்றும், 2013இல் 95 என்றும் ஏறிற்று. 2021இலேதான் ஐயத்துக்கு இடமில்லை என்று முடித்துரைத்தது. கண்ட அளவுக்கே சொல்லி, சான்று ஏறச் சொல்லும் ஏறும் உரையே ஆன்றோர் உரை. முதல் நாளே முடிவு கூறி, சான்றைப் பின்னர்த் தேடுவது பிறிதொரு தொழில்.

இதற்கு மறுதலையாய் ஒரு வகை உரையும் உண்டு. தன் கட்சி இன்னதென்று நிலைநாட்டாது, பிறர் கட்சியைச் சிதைத்தல் ஒன்றையே கருதி நிகழ்த்தும் சொற்போரை விதண்டை என்பர் தருக்க நூலார். எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த கணிப்புக்களைப் பின்வந்தோர் ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் 'சயன்சு' இதழில் வெளியிட்டனர். அக்கணிப்புக்களிற் பெரும்பாலான பின்னர் நிகழ்ந்த வெம்மையோடு நன்கு ஒத்திருந்தன. அந்நிறுவனமோ பொதுமக்கள் முன்னிலையில் நெடுங்காலம் ஐயத்தையே வற்புறுத்தி வந்தது. அறியாது மறுப்பவனுக்கு அறிவுறுத்தலாம். அறிந்து மறுப்பவனுக்கு என் செய்வது?

விளைவு

காரணம் இது, விளைவு யாது? 2024ஆம் ஆண்டு, கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட காலத்தினும் ஏறத்தாழ 1.55 பாகை வெப்பம் மிக்கதாய் இருந்தது என்று உலக வானிலையியல் நிறுவனம் அறிவித்தது. ஒன்றரைப் பாகை என்றவுடன், 'காலைக்கும் உச்சிக்கும் இடையே பத்துப் பாகை மாறுகின்றதே, இஃது எம்மாத்திரம்?' என்பார் உளர். மனித மேனியின் வெப்பம் ஒன்றரைப் பாகை ஏறின் அதனைக் காய்ச்சல் என்கின்றோம். சராசரி என்பது அத்தகையது.

மிகுந்த வெப்பத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டதைக் கடலே ஏற்றுக்கொண்டது. வெப்பமுற்ற நீர் விரியும். உருகிய பனியும் அதனோடு சேரும். 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்தது. முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றராய் இருந்த அவ்வேற்றம், 2006ஆம் ஆண்டின் பின் 3.7 ஆயிற்று. காற்று ஒரு பாகை வெப்பமுறின் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு கூடும். ஆதலின் பெருமழை மேலும் பெருமழையாகின்றது. வெப்பமுற்ற கடலிற் பவளப்பாறை வெளிறி மடிகின்றது. 1998ஆம் ஆண்டில் எம் ஹிக்கடுவைப் பவளமும் அவ்வாறு மடிந்தது.

யாழ்ப்பாணத்து நிலைமையை ஈண்டுக் கூறுதல் தகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இக்குடாநாட்டுக்கு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் புழைகளிலே, உவர்நீரின்மேல் மிதக்கும் மாரிநீரே எமது கிணற்று நீர். கடல்மட்டம் ஏறின், அந்நன்னீர்ப் படை மெலியும். ஆயினும் இன்று ஒரு கிணறு சவர்ப்பட்டது கண்டவுடன், 'வையம் வெம்மையுற்றதன் பயன் இது' என்று எழுதிவிடுதல் ஏதுப்போலி. துலா இறைத்த காலம் போய், இயந்திரம் இரவும் பகலும் இறைக்கும் காலம் இது. அளவுக்கு மிஞ்சி இறைப்பினும் உவர் மேலேறும். எது எத்துணைப் பங்கு என்று அளந்தே சொல்லல் வேண்டும். பிறர் கட்சியிற் குற்றம் காணும் அளவையை எம் கட்சிக்கு விலக்குதல் நேர்மையாகாது.

பழியும் பயனும் ஒருங்கே பகிரப்படவில்லை என்பதும் அளந்து கண்டதே. 2024ஆம் ஆண்டில் உலகம் எரிபொருளால் உமிழ்ந்த காபனீரொட்சைட்டு 3,700 கோடி தொன்னுக்கு மேற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ஆளொருவர் பங்கு ஆண்டுக்குப் பத்துத் தொன்னுக்கும் மேல். இலங்கையில் ஏறத்தாழ ஒரு தொன். பசுபிக் தீவுகளில் உள்ளோர் இன்னும் சிறிதே உமிழ்ந்து, இன்னும் பெரிது இழப்பர். ஹேக் நகரத்து வழக்கின் வித்து அங்கேதான் விழுந்தது. தென் பசுபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மாணாக்கர் 27 பேர் 2019ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். வனுவாட்டு என்னும் சிறு தீவரசு அதனை ஏற்று முன்சென்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வினாவை நீதிமன்றுக்கு விடுத்தது. நீதிமன்று மேற்கூறிய குழுவின் மதிப்பீடுகளையே கிடைக்கக்கூடிய சிறந்த விஞ்ஞானமாகக் கொண்டது. வகுப்பறையில் எழுந்த வினா ஒன்று ஆறாண்டில் உலக மன்றத்தின் விடையைப் பெற்றது.

ஆசிரியர் கடன்

இப்போது என் மாணாக்கன் வினாவுக்கு விடை எளிது. நீதிமன்று கூறியதாலன்று இது உண்மையாவது. முகவரகம் கைவிடுவதாலன்று இது பொய்யாவது. முகவரகத்தின் முன்மொழிவு எம்முடிவை அடையினும், தின்டலின் குழாயில் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. சட்டத்தை ஒரு கையெழுத்தால் மாற்றலாம். வெப்பக் கதிரின் இயல்பை அவ்வாறு மாற்ற இயலாது.

ஆயினும் அஞ்சத்தக்கது ஒன்று உளது. அறிந்ததை அழித்தல் அரிது. அறிதலை நிறுத்துதலோ எளிது. 1964ஆம் ஆண்டிற் பொருள் முட்டுப்பாட்டால் மௌனா லோவா அளவீடு சில மாதங்கள் நின்றது. அவ்விடைவெளி இன்றும் அவ்வேட்டில் வெறிதாகவே கிடக்கின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் எரிமலை வெடித்துப் பாதையையும் மின்சாரத்தையும் துண்டித்தபோது, அயலிலுள்ள மௌனா கீயா மலையில் நின்று சில மாதம் அளந்தனர். எரிமலை நிறுத்தமாட்டாததை ஏடொன்று நிறுத்தல் கூடும். 2026ஆம் நிதியாண்டுக்கென ஐக்கிய அமெரிக்க அரசு முன்வைத்த வரவுசெலவு முன்மொழிவில், இந்நிலையம் உள்ளிட்ட காலநிலை ஆய்வுகூடங்களுக்கு நிதி நிறுத்துதலும் இடம்பெற்றது. முன்மொழிவு வேறு, முடிவு வேறு. எனினும் அவ்வெண்ணம் எழுந்தமையே கவலைக்குரியது. காட்சி அற்றாற் கருதலும் அறும்; கருதல் அற்றபின் எஞ்சுவது எவர் குரல் உரத்தது என்பதே.

எம் பாடசாலைகளில் இப்பொருள் பற்றி ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடக்கின்றது. மாணாக்கர் எழுதுவன பெரும்பாலும் முழக்கங்கள்: பூமித்தாய் அழுகின்றாள், மரம் நடுவோம், உலகைக் காப்போம். மரம் நடுதல் நன்றே. ஆனால் 'இதனை எவ்வாறு அறிந்தாய்?' என்று ஒரு வினா விடுத்தால் அம்மாணாக்கன் வாளாவிருப்பான். நாளை வேறொருவன் வந்து 'இஃதெல்லாம் பொய்' என்று உரத்துச் சொல்லின், அதனையும் அவ்வாறே ஏற்பான். முழக்கத்தால் வந்த நம்பிக்கை முழக்கத்தாலேயே போகும். பூட் அம்மையாரின் கண்ணாடி உருளையையும் கீலிங்கின் ஏட்டையும் ஒரு பாடவேளையிற் கற்பித்தல் பத்து முழக்கத்தினும் பயன் தரும். விஞ்ஞான ஆசிரியர் பொருளைச் சொல்லட்டும். தமிழாசிரியர் அளவையைச் சொல்லட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் மழைமானி ஒன்று வைத்து நாள்தோறும் மழையை அளந்து எழுதுக. பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் திங்கட்கொருமுறை குறித்து வைக்குக. ஆசிரியர் மாறினும் ஏடு மாறாதிருக்கட்டும். முதலாண்டில் அதனாற் பயன் ஒன்றும் தோன்றாது. கீலிங்குக்கும் முதலாண்டில் தோன்றவில்லை. முப்பதாண்டு சென்றபின், கிணறு சவர்ப்பட்டது கடலாலா இயந்திரத்தாலா என்று ஊரார் வாதிடும்போது, அவ்வேடு ஒன்றே விடை சொல்லும்.